சர்வர் அறையில் ராகு காலம்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் சிஸ்டம் அட்மின் என்று சொல்வேன். கேட்டவர் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த நிமிடமே தன் போனை நீட்டி, "இதுல சவுண்டு கம்மியா கேக்குது, என்னான்னு பாருங்களேன்" என்பார். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இது நடந்திருக்கிறது. இலையில் பாயசம் விழுந்திருக்கும், என் கையில் அடுத்தவர் போன் இருக்கும்.

நான் வேலை பார்ப்பது திருச்சியில் ஒரு பைக் ஷோரூமில். கீழ்த்தளத்தில் விற்பனை, பின்பக்கம் சர்வீஸ், மாடிப்படி முடிகிற இடத்தில் என் அறை. தொட்டியம், வையம்பட்டி, உப்பிலியபுரம் என்று மூன்று ஊர்களில் கிளைகள். நாலு இடத்திலும் போடுகிற பில், வண்டிப் பதிவுக்கான விவரம், எந்த வண்டி எப்போது சர்வீசுக்கு வந்தது என்பதெல்லாம் என் அறையில் இருக்கும் சர்வரில்தான் வந்து சேரும். அது நின்றால் நாலு ஊரிலும் ஒரு வண்டி வெளியே போகாது. அதை நிற்காமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் ஏழு வருடமாக நான் பார்த்த வேலையில் முக்கால்வாசி, பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவியதுதான்.

காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பிக் காவிரிப் பாலம் தாண்டுகிற வரைக்கும் அன்றைய வேலைகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே ஸ்கூட்டர் ஓட்டுவேன். ஷோரூம் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றும்போதே அந்த அடுக்கு சரிந்துவிடும். "மேடம், ஒரே ஒரு நிமிஷம்" என்று யாராவது எதிரே வருவார்கள். எங்கள் ஊரில் ஒரு நிமிஷம் என்பது மரியாதைக்குச் சொல்வது. அதைக் கடிகாரத்தில் தேடக் கூடாது. அது முடிந்து மாடி ஏறினால் தொட்டியத்திலிருந்து போன்: "நெட்டு சுத்திகிட்டே இருக்குங்க மேடம்." அதைச் சரிசெய்தால் கீழே பில்லிங் கவுண்டரிலிருந்து குரல். சர்வருக்காக என் அறையில் எந்நேரமும் ஏசி ஓடுவதால், வெயில் தாங்காதவர்கள் வேறு ஏதாவது ஒரு சந்தேகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சந்தேகம் தீர்ந்த பிறகும் வியர்வை தீரும்வரை போக மாட்டார்கள்.

நான் கோபக்காரி. ஆனால் என் கோபத்தை மனிதர்களிடம் காட்டிப் பழக்கமில்லை. சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் செய்து கொடுத்துவிட்டு, அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திட்டுவேன். அதற்கு அம்மா அப்பா கிடையாது என்பதால் சொற்களில் சிக்கனம் பார்ப்பதில்லை.

நான் சொல்ல வந்தது பழைய சர்வரைப் பற்றி. அந்த வருடம் அதன் டிஸ்க் அவ்வப்போது கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. இன்னும் சில மாதம் தாங்கலாம், நாளைக்கே போகவும் போகலாம். முதலாளியிடம் சொன்னதும் மறுபேச்சுப் பேசாமல் புதுசு வாங்கிக் கொடுத்துவிட்டார். அது வந்து இறங்கியது ஆடி மாதம். "ஆடியில எதுக்குமா புதுசப் பிரிக்கிற, ஆவணி பொறக்கட்டும்" என்றார். ஆவணி பிறந்தது, பாதி போயும் விட்டது. பெட்டி மூலையிலேயே இருந்தது. அதன்மேல் டீ டம்ளர்களும் கல்யாணப் பத்திரிகைகளும் ஏறிக்கொண்டன. ஆவணியிலும் பிரிக்காததற்கு மாதத்தின்மேல் பழி போட முடியாது. பழைய சர்வரில் இருப்பதை ஒழுங்காகப் புதியதற்கு மாற்றுவதற்கு யாரும் குறுக்கிடாத நேரம் வேண்டும். எனக்குச் சேர்ந்தாற்போல் இருபது நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

புரட்டாசிக் கடைசியில் ஆயுத பூஜை வந்துகொண்டிருந்தது. எங்கள் தொழிலில் அதுதான் பெரிய திருவிழா. மாதக்கணக்காக முன்பதிவு செய்துவிட்டு, பூஜையன்றும் விஜயதசமியன்றும்தான் எடுப்பேன் என்று காத்திருப்பவர்கள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். அந்த வாரத்தில் சர்வர் படுத்தால் அத்தனை பேரும் மாலையோடும் தேங்காயோடும் வாசலில் நிற்பார்கள். விவரங்களின் நகல் தினமும் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் ஒன்றுமே தயாராக இல்லாத இடத்தில் நகலை இறக்கி எல்லாவற்றையும் நிமிர்த்த இரண்டு நாளாகும். பூஜை வாரத்தில் இரண்டு நாள் கடையை மூடினால் முதலாளி என் வேலையையும் சேர்த்து மூடிவிடுவார். ஆக, பூஜைக்கு முன்னால் மாற்றியாக வேண்டும். எனக்கு இருந்தது ஆறேழு வாரம்.

ராத்திரியில் செய்யலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. ராத்திரி எனக்கு வீடு இருக்கிறது. தவிர, மாற்றி முடித்ததும் மூன்று கிளையிலும் ஆள் உட்கார்ந்து சரியாக வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ராத்திரி யாரை எழுப்புவது? ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. இப்படி ஞாயிறுகளைக் கொடுத்துக் கொடுத்துத்தான் முன்பிருந்தவர் வேலையை விட்டுப் போனார் என்று கேள்வி.

அதனால் பகலிலேயே நேரம் ஒதுக்கப் பார்த்தேன். முதலில் கதவில், "காலை 10 முதல் 12 வரை முக்கிய வேலை. தயவுசெய்து வர வேண்டாம்" என்று எழுதி ஒட்டினேன். ஒவ்வொருவராக வந்து, "என்ன மேடம் முக்கிய வேலை?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அடுத்து வாசலில் ஒரு டப்பா வைத்து, குறைகளைச் சீட்டில் எழுதிப் போடச் சொன்னேன். சீட்டைப் போட்டுவிட்டு உள்ளே வந்து, "சீட்டு போட்டிருக்கேன் மேடம்" என்று சொன்னார்கள். பிறகு கம்ப்யூட்டரிலேயே ஒரு படிவம் தயார் செய்தேன். அதை எப்படி நிரப்புவது என்று கேட்டு அன்று மட்டும் மூன்று கிளையிலிருந்தும் போன். கடைசியில் போனை அணைத்து வைத்தேன். மத்தியானம் தொட்டியம் கிளை மேனேஜர் பஸ் பிடித்து நேரிலேயே வந்துவிட்டார். "போன் போவலீங்க மேடம், பயந்துட்டேன்" என்று ஒரு சீப்பு பூவன் பழத்தை மேசையில் வைத்தார். இப்படி வந்து நிற்கிறவரிடம் எப்படிக் கோபப்படுவது? பழம் சாப்பிட்டேன், அவருடைய பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தேன், அந்த நாளும் போனது.

பொறுக்க முடியாமல் ஒரு நோட்டுப் போட்டேன். யார், எத்தனை மணிக்கு, எதற்காகக் குறுக்கிட்டார்கள் என்று ஒரு வாரம் விடாமல் எழுதினேன். திருடனைப் பிடிக்க ஊர் மக்கள் எல்லாரையும் சந்தேகப்படுகிற வேலை அது. கூடவே சர்வரில் எந்தெந்த நேரம் எவ்வளவு வேலை நடக்கிறது என்று காட்டும் வரைபடத்தையும் எடுத்துப் பார்த்தேன். அங்கேதான் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. திங்கட்கிழமை தவிர தினமும் ஒன்றரை மணி நேரம் அந்தக் கோடு திடீரென்று கீழே இறங்கி, பிறகு ஏறியது. சாப்பாட்டு நேரமாக இருக்கும் என்று நினைத்தேன். புதன்கிழமை பன்னிரண்டு மணி, வியாழக்கிழமை ஒன்றரை மணி; சரி, சாப்பாடுதான். ஆனால் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு இறங்கியது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு, கடையில் கூட்டம் நெரிய வேண்டிய நேரத்தில், அதலபாதாளம்.

நான் படித்தவள் அல்லவா, உடனே இது நெட்வொர்க் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன். இரண்டு நாள் கேபிளைத் தடவினேன். சுவிட்சைக் கழற்றி மாட்டினேன். இண்டர்நெட் தருகிற கம்பெனி ஆளைக் கூப்பிட்டு, உங்கள் இணைப்பு நாளுக்கொரு நேரத்தில் படுத்துக்கொள்கிறது என்று சத்தம் போட்டேன். பாவம், அந்த மனிதர் மொட்டைமாடி வரைக்கும் ஏறி இறங்கினார். எல்லாம் சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்குக் கையில் டெஸ்டரோடு கீழே போய் நின்றபோது, புது வண்டிகளை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கிற டெலிவரி அண்ணன் ஒரு கூடை எலுமிச்சம்பழத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, ஒரு டெலிவரிகூட இல்லையா?" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வெள்ளிக்கெழம பத்தரை டு பன்னண்டு ராவுகாலம் மேடம். எவன் வந்து வண்டி எடுப்பான்? பன்னண்டு அடிக்கட்டும், எனக்கு மூச்சு விட நேரமிருக்காது."

நான் அங்கேயே ஒரு வண்டியின் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். செவ்வாய் மூன்று, புதன் பன்னிரண்டு, வியாழன் ஒன்றரை, வெள்ளி பத்தரை, சனி ஒன்பது. எங்கள் வீட்டு நாள்காட்டியில் தினமும் அச்சாகி வருகிற நேரம். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று அம்மாவிடம் இருபது வருடமாக வாதாடிக்கொண்டிருப்பவள் நான். அதனால்தான் கண்ணெதிரே இருந்ததைப் பார்க்கவில்லை. ராகுவைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வரைபடமும் ஒரு டெஸ்டரும் தேவைப்பட்டன. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் டெலிவரி அண்ணன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

என் நோட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் எனக்கு வருகிற தொந்தரவும் மற்ற நேரத்தில் வருவதில் பாதிதான். புது பில் கிடையாது, புதுப் பதிவு கிடையாது. சர்வீஸ், உதிரிபாகம் இவை மட்டும்தான். மிச்சப் பாதியையும் தடுத்துவிட்டால் போதும். அடுத்த செவ்வாய்க்கிழமை கதவில் புது நோட்டீஸ் ஒட்டினேன்: "ராகு காலத்தில் இந்தக் கதவு திறக்கப்படாது." அவ்வளவுதான். இதில் ஒரு பொய்யும் கிடையாது. ஏன் திறக்கப்படாது என்று நான் எழுதவில்லை.

மூன்று மணிக்குக் கதவைச் சாத்தினேன். நாலரைக்குத் திறந்தேன். ஒருவர்கூடத் தட்டவில்லை. போனும் வரவில்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். அந்தத் தனி வளையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆவணி முழுக்க முடியாதது, பெட்டியைப் பிரித்துப் புது சர்வரை நிறுத்துகிற வேலை, அந்த ஒரு செவ்வாய்க்கிழமையில் முடிந்தது. மின்சாரம் கொடுத்து உள்ளே நிரப்புகிற வேலைதான் பாக்கி.

சாயங்காலம் பில்லிங் கவுண்டர் அக்கா மாடிக்கு வந்தாள். திருவெறும்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கீழே எந்தப் போன் அடித்தாலும் முதலில் எடுப்பது அவள்தான். குரலைத் தாழ்த்தி, "துர்க்கைக்கா மேடம்?" என்றாள். செவ்வாய், வெள்ளி ராகு காலத்தில் பெண்கள் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றுவார்கள்; நான் ஏதோ கடும் விரதம் எடுத்திருப்பதாக நினைத்துவிட்டாள் என்று புரிந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ம்" என்றேன். அந்த ஒரு எழுத்துதான் நான் சொன்ன பொய். வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் கதவோரம் ஒரு தட்டில் ஐந்து எலுமிச்சம்பழம் இருந்தது. குற்ற உணர்ச்சியோடு எடுத்துப் பிழிந்து, உப்புப் போட்டு, "இங்கே எதுவும் குடிக்கக் கூடாது" என்று நானே ஒட்டியிருந்த நோட்டீசுக்குக் கீழே நின்று குடித்தேன்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஐந்து ராகு காலம் எனக்குக் கிடைத்தது. திங்கட்கிழமை ராகு காலம் மட்டும் கடை திறக்கும் முன்பே முடிந்துவிடும். எனக்கு அந்த யோகமில்லை. முன்பெல்லாம் இந்த வேலைக்கு ஒரு முழு நாள் வேண்டும் என்று நினைத்து, அந்த முழு நாள் வராமலே உட்கார்ந்திருந்தேன். இப்போது வேலையை ஒன்றரை மணி நேரத் துண்டுகளாக வெட்டிக்கொண்டேன். வியாழக்கிழமை இது, சனிக்கிழமை அது. ஒவ்வொரு முறையும் கடைசி ஐந்து நிமிடம் புது வேலை எதையும் தொடாமல், அடுத்த முறை எங்கே தொடங்க வேண்டும் என்று எழுதி வைப்பேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது உண்மைதான், ஆனால் அடிக்கு நடுவே யாரும் வந்து பிரிண்டரைக் காட்டக் கூடாது.

கதவுக்கு வெளியேயும் ஒரு மாற்றம் வந்தது. என் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்ற நிம்மதியில் நான் நல்லவளாகிவிட்டேன். ஒரு நிமிஷம் என்று வந்தவர்களிடம் நிஜமாகவே சிரித்தேன். சிக்கிய காகிதத்தை உருவும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தேன் என்று டெலிவரி அண்ணன் சொல்வார். இன்னொன்றும் கவனித்தேன். ராகு காலம் முடிந்து கதவைத் திறந்ததும் கூட்டம் முண்டியடிக்கும் என்று பயந்திருந்தேன். வருவது இரண்டோ மூன்றோதான், அதுவும் உருப்படியான சந்தேகங்கள். எல்லாம் தானாகக் குறைந்துவிட்டது, என் நிர்வாகத் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு வாரத்தில் எல்லாம் தயார். மிச்சமிருந்தது கடைசி மாற்றம் மட்டும். பழைய சர்வரில் புது பில் விழாமல் நிறுத்தி, கடைசியாகச் சேர்ந்த விவரங்களை நகர்த்தி, நாலு இடத்தையும் புதியதோடு இணைக்க வேண்டும். இதைத் துண்டு போட முடியாது. பூஜைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பத்தரையிலிருந்து பன்னிரண்டு. வரைபடத்தில் அந்த நாளின் பள்ளம்தான் எல்லாவற்றிலும் ஆழம். சர்வீஸ், உதிரிபாக பில்களை மட்டும் ஒன்றரை மணி நேரம் கையால் எழுதினால் போதும். அனுமதி கேட்க முதலாளி அறைக்குப் போனேன்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "புது மிஷின ராவுகாலத்துலயா ஸ்டார்ட் பண்ணப் போற? அதுவும் பூஜ நெருங்கறப்ப? ஏம்மா, நல்லாத்தானே இருந்த?"

ஒரு மாதமாக என்னைக் காப்பாற்றிய ராகு, கடைசியில் வழிமறித்து நின்றான். "சார், அப்பத்தான் யாரும் பில் போட மாட்டாங்க" என்றேன்.

"காலைல ஒம்பதே கால்லேருந்து பத்தே கால் வரைக்கும் நல்ல நேரம். அதுல பண்ணு."

"அப்ப நாலு கடையிலயும் கூட்டம் சார். ஒரு மணி நேரம் பத்தவும் பத்தாது."

"சரி, அந்த நேரம் உனக்கு விரதம்னு கீழ பேசிக்கிறாங்களே. விரதத்த விட்டுட்டா வேல பாப்ப?"

இதற்கு மேல் மறைக்க முடியாது. விரதம் எதுவுமில்லை, கதவைச் சாத்திக்கொண்டு வேலைதான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் தலையை ஆட்டினார். "அது வேற, இது வேற. நீ என்ன வேணாலும் பண்ணு, தொடக்கம் ராவுகாலத்துல கூடாது. எம் மனசு கேக்காது."

மாடிக்கு வந்து புது சர்வரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். திட்டுவதற்குக்கூடத் தெம்பில்லை. அப்போதுதான் எங்கள் அப்பாவின் பை ஞாபகத்துக்கு வந்தது. அவர் வெளியூருக்குக் கிளம்புகிற நேரம் ராகு காலத்தில் விழுந்தால், அம்மா அதற்கு முன்பே நல்ல நேரம் பார்த்து அவர் பையைக் கொண்டுபோய் எதிர்வீட்டில் வைத்துவிடுவாள். அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். அதற்குப் பிறகு எப்போது புறப்பட்டாலும் தோஷமில்லை. பரஸ்தானம் வைப்பது என்று இதற்குப் பெயர். நான் அதைக் கேலி செய்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். இப்போது அதே அம்மாவுக்குப் போன் செய்து சட்டதிட்டங்களைக் கேட்டேன். அவளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "எத்தன நாளைக்கு முன்னாடி வைக்கணும்னு கணக்கிருக்குடி, புதன்கெழம வச்சா வெள்ளிக்குத் தாராளமா செல்லும்" என்றாள்.

உடனே இறங்கிப் போனேன். "சார், புதன்கிழமை நல்ல நேரத்துல புது சர்வர்ல நீங்களே மொத பில்லப் போட்டு ஆரம்பிச்சு வைங்க. பரஸ்தானம் வச்ச மாதிரி. வெள்ளிக்கிழமை நடக்கறது தொடக்கமே இல்ல, ஏற்கெனவே கிளம்பினதோட மிச்சப் பயணம்."

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாக மரியாதை தெரிந்தது. "சாஸ்திரம் தெரிஞ்ச பொண்ணா இருக்கியே" என்றார்.

புதன்கிழமை ஒன்பதே காலுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, தேங்காய் உடைத்து, புது சர்வரைத் தொடங்கி வைத்தோம். தேங்காய்த் தண்ணீர் உள்ளே தெறிக்காமல் நான் குறுக்கே நின்றேன். முதலாளி தன் கையால் ஒரு பில் போட்டார்: ஒரு ஹெல்மெட், அவர் பெயருக்கே.

வெள்ளிக்கிழமை பத்தரைக்குக் கதவைச் சாத்தினேன். முதல் அரைமணி எல்லாம் நான் எழுதி வைத்தபடியே போனது. பதினொன்று பத்துக்குப் பழைய டிஸ்க் கரகரத்தது. திரையில் ஓடிக்கொண்டிருந்த எண் நின்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிறதே என்று நினைத்தேன். அதைத் திட்டினேன், கெஞ்சினேன், மறுபடியும் திட்டினேன். முன்பென்றால் இந்த இடத்தில் போன் அடிக்கும், அந்தப் பதற்றத்தில் தவறான ஒரு பொத்தானை அழுத்தியிருப்பேன். அன்று எதுவும் அடிக்கவில்லை. நிதானமாக யோசிக்க முடிந்தது. நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நகர்த்தினேன். விட்டதை முந்தின நாள் நகலிலிருந்து எடுத்துச் சேர்த்தேன். நல்லவேளை, அது பழைய சர்வீஸ் விவரம், காலையில் யாரும் தொட்டிருக்கவில்லை. நாலு இடத்தையும் புதியதோடு இணைத்துச் சோதித்தபோது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. எல்லாம் வந்தது. கால் தரையில் பாவவில்லை. சொல்வதற்கு ஆள் வேண்டும் என்று கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

மாடிப்படியின் கடைசிப் படியில் பில்லிங் கவுண்டர் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு நீள நோட்டு, பக்கத்தில் கீழ்த்தளத்துப் போன். அதன் ஒயரைப் படிவரை இழுத்து வைத்திருந்தாள். போனில் பேசிக்கொண்டிருந்தாள். "மேடம் பூஜையில இருக்காங்க தம்பி. நீ ப்ளக்கப் புடுங்கிட்டு, பத்து எண்ணிட்டு மாட்டு. ம், எண்ணு. நான் லைன்லயே இருக்கேன்."

நான் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து நோட்டைப் பார்த்தேன். தேதி, கிளை, என்ன குறை, என்ன சொன்னேன் என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். பக்கம் பக்கமாக. "உப்பிலியபுரம், பிரிண்டர் எழுத்து கலங்குது, பேப்பர் ஈரம், வெயில்ல காயவச்சுப் போடச் சொன்னேன், சரியாச்சு." அவளுக்குத் தெரியாதவற்றுக்கு மட்டும் ஓரத்தில் நட்சத்திரம் போட்டு, "மேடத்தக் கேக்கணும்." நான் கதவைத் திறந்த பிறகு என்னிடம் வந்துகொண்டிருந்த அந்த இரண்டு மூன்று உருப்படியான சந்தேகங்கள் இவைதான். ராகு காலத்தில் போன்கள் நிற்கவே இல்லை. என்னிடம் வரவில்லை, அவ்வளவுதான். முதல் பக்கத்தைப் புரட்டினேன். நான் நோட்டீஸ் ஒட்டிய செவ்வாய்க்கிழமைத் தேதி இருந்தது.

அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். நான் தடுமாறி, "அக்கா, ஒண்ணு சொல்லணும். நான் விரதமெல்லாம் இருக்கல. உள்ள வேலைதான்..." என்றேன்.

"தெரியுமே" என்றாள். "நீங்க கம்ப்யூட்டரத் திட்டறது இந்தப் படி வரைக்கும் கேக்குது. துர்க்கைய அப்படியா கும்பிடுவாங்க?"

"எப்பலேருந்து தெரியும்?"

"மொத நாளு சாயங்காலம் கேட்டனே, ம்முன்னு ஒரு முழி முழிச்சீங்களே, அப்பவே. டெலிவரி அண்ணனுக்கும் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

அவள் நோட்டை மூடினாள். "வராதீங்கன்னு எழுதி ஒட்டினப்ப எங்களுக்குக் கோவந்தான் மேடம் வந்துச்சு. அப்பறம் ஒருநாள் சாயங்காலம் நீங்க டிபன் பாக்ஸ எடுத்துகிட்டு எறங்கினீங்க. கை தவறி உங்க பை சாஞ்சுச்சு, நாந்தான் தூக்கிக் குடுத்தேன். பாக்ஸ் காலைல கட்டின கனம் அப்படியே இருந்துச்சு. ஒரு வாய் சாப்பிடல நீங்க. அன்னிக்கெல்லாம் உங்கள எத்தன தடவ கூப்ட்டேன்னு எனக்கே தெரியும்." பேனாவை நோட்டுக்குள் செருகினாள். "நோட்டீசப் பாத்த அன்னிக்கே, அந்த நேரத்துல கீழ் போனுக்குக் கூப்பிடுங்கன்னு கிளைக்காரங்ககிட்ட சொல்லிட்டேன். மேடத்துக்கு வேலைன்னா கேக்க மாட்டாங்க. விரதம்னா பயப்படுவாங்க. வசதியாப் போச்சு."

ஒரு மாதமாக என் நேரத்தை நானே சாமர்த்தியமாகச் சம்பாதித்தேன் என்று நினைத்திருந்தேன். அதை இவள் தன் ஒன்றரை மணி நேரத்திலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. இரண்டையும் சேர்த்து என்ன செய்வதென்று தெரியாமல், "குடுங்கக்கா, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று போனுக்குக் கை நீட்டினேன்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. உள்ள போங்க."

போன் மறுபடியும் அடித்தது. அவள் எடுத்துக்கொண்டு, இன்னொரு கையால் என்னைப் போகச் சொல்லிச் சைகை காட்டினாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, செய்வதற்கு எதுவும் இல்லாமல், பன்னிரண்டு அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.